இயேசு முழு மனிதர், முழு தேவன்: இந்த விசுவாசத்தைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

"இயேசு தேவனா, மனுஷனா?" வேதபாட வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. "இரண்டும்தான்" என்று சொல்லிவிடலாம், அது சரியான பதிலும்கூட. ஆனால் அடுத்த நிமிடமே "அப்படியென்றால் அவர் யாரிடம் ஜெபித்தார்?", "தேவன் எப்படிச் சாக முடியும்?" என்று கேள்வி வரும். அந்த இடத்தில்தான் பெரியவர்கள் பலர் "அது ஒரு இரகசியம், விசுவாசிக்கத்தான் வேண்டும்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரகசியம்தான், சந்தேகமில்லை. ஆனால் சபை இந்த இரகசியத்தைப் பற்றிச் சில நூற்றாண்டுகள் யோசித்து, வாதாடி, சிலர் ஊரைவிட்டே துரத்தப்பட்டு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெளிவாக வைத்திருக்கிறது. அந்தத் தெளிவு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் சடங்கு) ஆயத்தமாகிறவர்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், கிறிஸ்தவர்கள் உண்மையில் என்னதான் நம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பிற மத நண்பர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வசனங்களைப் பழைய திருப்புதல் என்ற வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து தருகிறேன். திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்களுக்கு வார்த்தைகள் மாறும், அதிகாரமும் வசன எண்ணும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

படி 1: ஒரே தேவன் என்பதிலிருந்து தொடங்குங்கள்

பெத்லகேமிலிருந்து தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அதற்கு முன்னால் உபாகமம் 6:4-ஐ எடுங்கள்: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." இயேசுவும் அவருடைய சீஷர்களும் இந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த யூதர்கள். ஒரு மனிதனைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது அவர்களுக்கு அருவருப்பு. அப்போஸ்தலர் 14-இல் லீஸ்திரா ஊர் மக்கள் பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று சொல்லி எருதுகளைக் கொண்டுவந்து பலியிட வந்தபோது, அந்த இருவரும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள்.

அப்படிப்பட்டவர்கள்தான் நாசரேத்திலிருந்து வந்த ஒரு தச்சனை ஆண்டவர் என்று தொழுதார்கள். இந்த விஷயம் எவ்வளவு பெரிது என்று மனதில் பட்டால்தான் மற்ற படிகள் அர்த்தப்படும். இரண்டாவது தேவன் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த ஒரே தேவனே இயேசுவில் நம்மிடம் வந்தார் என்றார்கள்.

படி 2: மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள்

பதினாறு அதிகாரங்கள்தான். நிதானமாக வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கையில் இரண்டு நிறப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். இயேசு நம்மைப்போல் ஒரு மனிதராகத் தெரியும் இடத்தில் ஒரு நிறம், தேவன் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்யும் இடத்தில் இன்னொரு நிறம்.

அவர் தச்சன் என்று ஊரார் சொல்வது 6:3-இல் வரும். கோபமும் மனவருத்தமும் 3:5-இல், பசி 11:12-இல், கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் பட்ட திகில் 14:33-இல். இன்னொரு நிறத்துக்கு 2-ஆம் அதிகாரம். திமிர்வாதக்காரனைப் பார்த்து உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது என்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்), "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்" என்று மனதுக்குள் கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்வியில் தப்பே இல்லை. பதில்தான் அவர்கள் எதிர்பார்த்தது இல்லை.

வாசித்து முடித்தபின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இந்தப் பக்கம் மனிதர், அந்தப் பக்கம் தேவன் என்று நிறங்கள் தனித்தனியாக ஒதுங்கியிருக்காது. பல இடங்களில் ஒரே சம்பவத்தில் இரண்டும் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

படி 3: கலிலேயாக் கடலின் படகு

மாற்கு 4:35 முதல் 41 வரை. 1986-ஆம் ஆண்டு பெரிய வறட்சியில் கலிலேயாக் கடலின் நீர்மட்டம் இறங்கியபோது, கினோசார் அருகே சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகு வெளிப்பட்டது. ஏறத்தாழ முதல் நூற்றாண்டுப் படகு. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் இரண்டே கால் மீட்டர் போல. இயேசு ஏறிய படகு அதுதான் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தக் காலத்துப் படகு எவ்வளவு சின்னது என்று அது காட்டுகிறது. அதில் ஒரு டஜன் ஆட்கள் ஏறினால் நெருக்கியடித்துத்தான் உட்கார வேண்டும். புயல் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது.

அப்படிப்பட்ட படகில், அலை உள்ளே மோதித் தண்ணீர் நிரம்பும்போது, இயேசு "கப்பலின் பின்னணியத்தில் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்." மாற்கு அந்தத் தலையணையைக்கூட விடவில்லை. மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதுகிறார்கள், ஆனால் தலையணை மாற்குவில் மட்டும்தான். நாள் முழுவதும் கரையோரத்தில் ஜனங்களுக்குப் போதித்துவிட்டு, அந்தப் படகிலிருந்து இறங்காமல் அப்படியே கிளம்பிய மனிதர். அசந்து தூங்குகிறார், நடிப்பு இல்லை. தண்ணீர் மேலே தெறித்தும் எழாத அளவுக்கு உடம்பு களைத்திருக்கிறது.

சீஷர்கள் எழுப்புகிறார்கள். "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார், காற்று நின்றுபோகிறது. அவர் ஜெபம் செய்து, தேவன் காற்றை நிறுத்தினார் என்று மாற்கு எழுதவில்லை. நேராகக் கடலிடம் பேசுகிறார், கடல் கேட்கிறது. கொந்தளிப்பை அமர்த்தி அலைகளை அடக்குகிறவர் கர்த்தர் என்று சங்கீதம் 107 பாடுகிறது. சங்கீதங்களிலேயே வளர்ந்த அந்தச் சீஷர்களுக்கு அது நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா? மிகவும் பயந்து, "இவர் யாரோ?" என்கிறார்கள். புயலில் பட்ட பயத்தைவிட, புயல் நின்றபின் பட்ட பயம்தான் பெரிதாகத் தெரிகிறது.

தூங்கியவரும் அதட்டியவரும் ஒருவரே. தூங்கும்போது மனிதராகவும் எழுந்தபின் தேவனாகவும் அவர் மாறிக்கொள்ளவில்லை. தேவகுமாரனே களைத்துத் தூங்கினார், அந்த மனிதரே கடலுக்குக் கட்டளையிட்டார். பின்னால் வரும் சங்கங்களும் (பேராயர்கள் கூடிய மாநாடுகள்) விசுவாச அறிக்கைகளும் பாதுகாக்க முயன்றது இந்தப் படகில் நடந்ததைத்தான். சபை வரலாறு குழப்பும்போதெல்லாம் இங்கே திரும்பி வாருங்கள்.

படி 4: ஏன் இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். இயேசு யார் என்ற கேள்வியை, அவர் நம்மை எப்படி இரட்சிக்கிறார் என்ற கேள்வியிலிருந்து பிரிக்கவே கூடாது. பிரித்தால் அது வெறும் தத்துவக் கணக்காகிவிடும்.

அவர் தேவன் இல்லை, உயர்ந்த மனிதர் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிலுவையில் நடந்தது என்ன? தேவன் தூரத்தில் நின்றுகொண்டு நமக்காக வேறொருவரைச் சாக அனுப்பினார் என்று ஆகிறது. அதை அன்பு என்று எப்படிச் சொல்வது? தேவன் தம்மையே கொடுத்தார் என்பதுதான் சுவிசேஷம். அதுவும் போக, மரணத்தின் பிடியில் இருக்கும் ஒரு மனிதன் அதே பிடியில் இருக்கும் இன்னொருவனை எப்படி விடுவிப்பான்?

சரி, அவர் தேவன்தான், மனிதர்போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நம்முடைய பசி, நம்முடைய பயம், நம்முடைய மரணம் எதையும் அவர் தொடவே இல்லை. நான்காம் நூற்றாண்டில் நசியான்சு ஊர் கிரகோரியார் இதை ஒரே வரியில் சொன்னார்: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. மனித உடம்பை மட்டும் எடுத்து மனித மனதை எடுக்கவில்லை என்றால், நம் உடம்புக்கு இரட்சிப்பு உண்டு, மனதுக்கு இல்லை என்றாகிவிடும். உண்மையில் பாவம் வேர்விட்டிருப்பது அந்த மனதில்தானே.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுவதைப் பாருங்கள்: "தேவன் ஒருவரே, தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" (1 தீமோத்தேயு 2:5). மத்தியஸ்தர் இரண்டு பக்கமும் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் நமக்கு இரட்சகர் இல்லை.

படி 5: பிலிப்பியர் 2:6-11-ஐ மனப்பாடம் செய்யுங்கள்

பவுல் சிறையிலிருந்து எழுதிய கடிதம் இது. சிலுவை நடந்து முப்பது ஆண்டுகள்கூடப் பெரும்பாலும் ஆகியிருக்காது. "அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும், தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல், தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்." மேலிருந்து கீழே, கீழேயிருந்து இன்னும் கீழே, சிலுவை மரணம் வரை. அப்புறம் முழங்கால் யாவும் முடங்கும் என்று மேலே போகிறது. அந்த முழங்கால் வசனம் ஏசாயா 45:23. அங்கே பேசுகிறவர், என்னையல்லாமல் வேறே தேவன் இல்லை என்று சொல்லும் கர்த்தர். அவருக்குரிய வணக்கத்தைப் பவுல் தயங்காமல் இயேசுவுக்குக் கொடுக்கிறார்.

"இயேசுவைத் தேவன் ஆக்கியது ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன்" என்று இணையத்தில் அடிக்கடி பார்க்கலாம். அதற்குப் பிலிப்பியரே பதில். வேதத்துக்கு வெளியேயும் பதில் உண்டு. கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்ல, கிறிஸ்தவர்களைத் தண்டித்தவர். நிசேயா நகரம் அதே பித்தினியாவில்தான் இருக்கிறது. அங்கே 325-இல் கான்ஸ்டன்டைன் அழைத்த சங்கம் கூடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பகுதி மக்கள் இயேசுவைத் தொழுதுகொண்டிருந்தார்கள்.

படி 6: எங்கெல்லாம் வழி தவறினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் இன்றும் நம் சபைகளில் யாரோ ஒருவர் மனதில் இருக்கும் எண்ணம்தான்.

முதலாவது, அவர் மாம்சத்தில் வரவில்லை, வெறும் தோற்றம்தான் என்பது. 1 யோவான் 4:2-3 இதை நேரடியாகவே மறுக்கிறது. பக்தி அதிகமுள்ள குடும்பங்களில் இது இன்னும் உயிரோடிருக்கிறது. "இயேசுவுக்கு உண்மையில் வலித்திருக்காது" என்று நினைப்பவர்கள் உண்டு.

இரண்டாவது ஆரியுஸ், அலெக்சாந்திரியாவின் மூப்பர். குமாரன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனால் அவரும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்றார். நிசேயா சங்கம் இதை நிராகரித்து, குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. அந்த முடிவைக் காப்பாற்ற அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியார் வாழ்நாள் முழுவதும் போராடினார். ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். மொத்தம் பதினேழு ஆண்டுகள் போலத் தம் சபையைவிட்டு வெளியே இருந்தார். அரசர்களும் பேராயர்களும் சேர்ந்து எதிர்த்தபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது அப்பொலினாரியுஸ் என்ற பேராயர். ஆரியுஸை எதிர்த்தவரே மறுபக்கம் சாய்ந்தார். இயேசுவில் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் தேவ வார்த்தை, அதாவது தேவகுமாரன், இருந்தார் என்றார். படி 4-இல் பார்த்த வரியைக் கிரகோரியார் எழுதியது இவருக்கு எதிராகத்தான். 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் இதையும் தள்ளியது.

அடுத்தது கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர் நெஸ்தோரியுஸைப் பற்றிய விவாதம், 431-இல் எபேசு சங்கத்தில். மரியாளைத் தேவதாய் என்று சொல்லலாமா என்பதில் தொடங்கியது, அவர் அந்தப் பெயரை எதிர்த்தார். ஆனால் கேள்வி மரியாளைப் பற்றியது அல்ல. அவர் வயிற்றில் இருந்தது தேவகுமாரனா, அல்லது தேவன் வந்து தங்கப்போகும் ஒரு மனிதனா? பிறந்தவர் ஒருவரே, அவர் தேவகுமாரனே என்று அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரிலியார் வாதிட்டார். கடைசியாக எவுத்திக்கேஸ் என்ற துறவி, கிறிஸ்துவின் மனிதத்தன்மை தேவத்தன்மையில் கரைந்துவிட்டது என்கிற அளவுக்குப் போனார்.

படி 7: கல்கேதோன் அறிக்கையை வேலியாகப் பயன்படுத்துங்கள்

451 அக்டோபரில் சுமார் 500 பேராயர்கள் கல்கேதோனில் கூடினார்கள். இன்று இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் உள்ள கடிக்கொய் பகுதி அது. அவர்கள் சொன்னது: கிறிஸ்து தேவத்தன்மையில் முழுமையானவர், மனிதத்தன்மையில் முழுமையானவர். இரண்டு சுபாவங்கள், ஒரே ஆள். அந்த இரண்டும் கலக்காமலும், மாறாமலும், பிளவுபடாமலும், பிரியாமலும் இருக்கின்றன.

அந்த நான்கும் எதிர்மறைச் சொற்கள் என்பதைக் கவனித்தீர்களா? தேவனும் மனிதனும் ஒருவரில் எப்படி இணைந்தார்கள் என்று அவர்கள் விளக்கவே இல்லை. வயலைச் சுற்றி வேலி போட்டார்கள், விளைச்சல் சுவிசேஷங்களில்தான். வகுப்பில் யாராவது புதிதாக ஒரு உவமை சொன்னால் இந்த நான்கு சொற்களையும் வைத்துச் சோதியுங்கள். பாலும் தண்ணீரும் கலந்ததுபோல என்றால் கலந்துவிட்டது. வீட்டில் குடியிருப்பவர்போல என்றால் பிரிந்துவிட்டது. பாதி தேவன், பாதி மனிதர் என்றால் இரண்டும் கெட்டது. உவமை இல்லாமலே இதைச் சொல்லிப் பழகுவது நல்லது.

எகிப்தின் கோப்துக்கள், ஆர்மீனியர், எத்தியோப்பியர், சிரியர், கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையார் ஆகியோர் கல்கேதோனை ஏற்கவில்லை. மனுஷரான தேவ வார்த்தைக்கு ஒன்றுபட்ட ஒரே சுபாவம் என்று சிரிலியாரின் வார்த்தையில் சொல்வார்கள். ஆனால் எவுத்திக்கேஸை அவர்களும் தள்ளுகிறார்கள். 1973-இல் கோப்து சபையின் மூன்றாம் ஷெனூதாவும் போப் ஆறாம் பவுலும், கிறிஸ்து தேவத்தன்மையிலும் மனிதத்தன்மையிலும் முழுமையானவர் என்று சேர்ந்து கையெழுத்திட்டார்கள். அதனால் அவர்களை அவசரப்பட்டுக் கள்ளப்போதகர் என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 8: கஷ்டமான வசனங்களைத் தவிர்க்காதீர்கள்

பிள்ளைகள் எப்படியும் கேட்கப்போகிறார்கள். நீங்களே முந்திக்கொண்டு எடுங்கள்.

மாற்கு 13:32, அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார். தேவனுக்குத் தெரியாதது உண்டா? மெய்யாகவே மனித வாழ்க்கையை ஏற்றுக்கொண்டவர், மனிதனுக்குரிய அறியாமையையும் ஏற்றுக்கொண்டார் என்று அத்தனாசியார் பதில் சொன்னார். லூக்கா 2:52-இல் அவர் ஞானத்தில் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார் என்று இருக்கிறது. எழுத்தைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லாத பிள்ளையாகவே அவர் பிறந்தார் என்று நினைப்பது பக்திபோலத் தெரியும், ஆனால் அது படி 6-இல் பார்த்த முதல் தவறுக்கே திரும்பிப் போவது.

கொலோசெயர் 1:15, "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்." அவரும் ஒரு சிருஷ்டிதான் என்று வீட்டுக்கு வீடு வந்து சொல்பவர்கள் இதைத்தான் திறப்பார்கள். அடுத்த வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது. சங்கீதம் 89:27-இல் தேவன் தாவீதை முதற்பேறானவன் ஆக்குகிறார், தாவீதோ ஈசாயின் கடைசி மகன். முதற்பேறு என்பது அங்கே பிறந்த வரிசை அல்ல, மேன்மை.

தேவன் செத்தாரா? செத்தவர் யார் என்று கேட்டால், தேவகுமாரன். எந்தச் சுபாவத்தில் செத்தார் என்று கேட்டால், மனித சுபாவத்தில். தேவத்தன்மை சாகாது. ஆனாலும் பவுல் துணிந்து, மகிமையின் கர்த்தரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்ற பொருளில் பேசுகிறார் (1 கொரிந்தியர் 2:8).

யாரிடம் ஜெபித்தார்? பிதாவிடம். நித்தியமாகப் பிதாவோடு இருக்கும் குமாரன், மனிதரானபோது அதே உறவை மனித வாயால், மனிதக் கண்ணீரோடு வாழ்ந்தார். கெத்செமனேயில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்கிறார் (லூக்கா 22:42). ஏழாம் நூற்றாண்டில் மாக்சிமு என்ற துறவி இந்த வசனத்தையே பிடித்துக்கொண்டு, கிறிஸ்துவுக்கு உண்மையான மனித சித்தமும் உண்டு, மரணத்துக்குப் பயந்த அந்தச் சித்தமே மனதார ஒப்புக்கொடுத்தது என்று போதித்தார். அதற்காக எண்பது வயதைத் தாண்டிய அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள். 662-இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். 680-681-இல் கூடிய சங்கம் அவர் சொன்னதுதான் சரி என்றது.

நம் ஊரில் இன்னொரு கேள்வியும் வரும்: இது அவதாரம் போன்றதுதானே? கேட்பவர் நம்மை நெருங்கி வந்து கேட்கிறார், அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் இறங்கி வருகிறார் என்ற ஆவல் இரண்டிலும் உண்டு. கிறிஸ்தவர் சொல்வது, இது ஒரே தரம் நடந்தது (எபிரெயர் 9:26), பொந்தியு பிலாத்து என்ற ஆளுநரின் காலத்தில் நடந்தது, எடுத்த மனிதத்தன்மையை அவர் திரும்பக் கழற்றி வைக்கவே இல்லை. உயிர்த்தெழுந்தபின் கையையும் காலையும் காட்டி, பொரித்த மீனைச் சாப்பிட்டார் (லூக்கா 24). இன்றும் பிதாவின் வலதுபாரிசத்தில் இருப்பவர் ஒரு மனிதர்.

படி 9: தோமாவோடு சேர்ந்து ஜெபியுங்கள்

சாந்தோமிலும் பரங்கிமலையிலும் நம் பாரம்பரியம் நினைவுகூரும் அதே தோமா, காயங்களைக் கண்டபின் "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றார் (யோவான் 20:28). காயம் மனிதருடையது, தொழுகை தேவனுக்குரியது. அவர் இரண்டையும் ஒரே ஆளிடம் சொன்னார்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு நாளும் உங்களை அழுத்தும் ஒரு காரியத்தை எடுங்கள், ஒரு மரணம், ஒரு துரோகம், வேலை போன பயம் என்று எதுவானாலும் சரி. சுவிசேஷத்தில் இயேசு அதைத் தொட்ட இடத்தைத் தேடுங்கள். துக்கம் என்றால் லாசருவின் கல்லறை, யோவான் 11:35, "இயேசு கண்ணீர் விட்டார்." சில வசனங்கள் தள்ளி, அதே கண்ணீரோடு நின்றவர் லாசருவை வெளியே கூப்பிடுகிறார். துரோகம் என்றால் யூதாஸின் முத்தம். கைவிடப்பட்ட உணர்வு என்றால் மாற்கு 15:34. அந்த இடத்தை வாசித்தபின் எபிரெயர் 4:15-16-ஐச் சத்தமாக வாசியுங்கள்: "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் நமக்கு இருக்கிறார், ஆகையால் கிருபாசனத்தண்டையிலே தைரியமாய்ச் சேருங்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் மனிதர். அவரால் ஆகும், ஏனென்றால் அவர் தேவன். அதை நம்பி, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.